ரெண்டு வரிக்குப் பேசி முடித்தது

வெங்காய மண்டிக்காரன் வீட்டில் பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொன்னால் அதை மறுப்பு என்று எவனும் எடுத்துக்கொள்ள மாட்டான். அது முதல் விலை. சரக்கு கைமாறுவதற்கு முன்னால் இரண்டு தரப்பும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பேச்சே ஆரம்பம். திண்டுக்கல் மார்க்கெட்டில் இப்படி வளர்ந்து, இப்படியே பெண் பார்த்து, இப்படியே மனை வாங்கி வீடு கட்டியவன் அன்புமணி. அவன் மகள் சத்யபிரியா காலை நேரத்தில் கொல்லைச் சாக்கடை ஓரம் குத்தவைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் பேரத்தைத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

“பாப்பா, இன்னைக்கு மட்டும் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திரு. அப்பா உனக்கு கியர் சைக்கிள் வாங்கித் தாரேன்.”

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நிமிர்ந்து அப்பனைப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. மறுபடி குனிந்துகொண்டது.

“சரி, சைக்கிளோட வாட்சும். வெளிச்சம் அடிக்கும்ல, அது.”

பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வயிற்றில் வேறொன்றும் இல்லை.

“பாரு மகேசு, எறங்கவே மாட்டேங்கிறா,” என்றான் மனைவியிடம், பாதி எரிச்சலும் பாதிப் பெருமையுமாக. “நம்ம ரத்தம்.”

மகேஸ்வரி கையில் செம்போடு நின்றிருந்தாள். “சைக்கிளு வேணும்னு அவ கேட்டாளா?”

“வாயத் தொறந்து கேப்பாங்களாக்கும்? கேக்காம நிக்கிறவன்தான் பெரிய வெலைக்கு நிக்கிறவன். இது ஒனக்குப் புரியாது.”

தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளையின் முதுகு பூனை முதுகு மாதிரி வளைந்தது. வரவேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டதால் இந்தத் தடவை வெறும் ஓங்கரிப்பு. வேன்காரன் இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஐப்பசி அடைமழை அது. எங்கள் மார்க்கெட்டில் அந்த மாதம் நடப்பதற்குத் தனியாக மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். ரெட்டியார்சத்திரத்துப் பக்கமிருந்து வருகிற சின்ன வெங்காயம் ஈரச் சாக்கோடு இறங்கும். பிரித்தால் உள்ளே ஆவி பறக்கும். வெங்காயத் தாளும் சேறும் அழுகலும் சேர்ந்து வாசலெல்லாம் கூழாகக் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு டீ குடிப்பார்கள், வடை தின்பார்கள், அதே கையால் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் சரக்கைத் தொட்டு ‘முத்து மாதிரி இருக்கு’ என்பார்கள். நாற்றத்தையும் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்புகிற ஜனம்.

அன்புமணி பேரம் பேசாத இடம் கிடையாது. டாக்டர் பிள்ளைக்கு அஞ்சு நாள் மாத்திரை எழுதினால், “மூணு நாளைக்குக் குடுத்துப் பாப்போமே சார்” என்பான். பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டவன், மலை ஏறுவதற்குள் மனசு மாறி, பூமுடி எடுத்தால் போதாதா என்று முருகனிடமே குறைத்துக் கேட்டவன். முருகன் எதிர்விலை சொல்லாததால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான்.

பிள்ளைக்கு வாந்தி ஆரம்பித்தது இப்படி.

வத்தலக்குண்டு ரோட்டில் அவள் படிக்கிற தனியார் பள்ளி இருக்கிறது. நடத்துகிற தாளாளர் அதற்கு முன்னால் மனைப்பிரிவு போட்டு விற்றவர். கொடி கட்டி, கல் நட்டு, வராத பஸ் ஸ்டாண்டைக் காட்டி இடம் விற்ற அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. தினம் காலையில் ஒரு பிள்ளையை மேடை ஏற்றுவார்கள். கையில் மைக். இங்கிலீஷில் எட்டு வரி. உடற்பயிற்சி வாத்தியார் அதை செல்லில் பிடித்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். நாங்கள் குத்தூசியால் சாக்கில் குத்தி நாலு காயை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவோமே, அதுதான். உள்ளே எப்படி இருந்தாலும் சாம்பிள் பளபளக்க வேண்டும்.

சத்யபிரியாவின் முறை வந்தபோது தலைப்பு, ‘என் அப்பா.’ இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தாள். காலையில் தின்ற இட்லி வந்துவிட்டது. மைக்கின் மேல், வெள்ளைச் சட்டையின் மேல், முன்வரிசைப் பிள்ளை ஒன்றின் தலைமேல். வாத்தியார் செல்லைக் கீழே இறக்கவில்லை. வழக்கம்போல் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். கீழே ‘டிரை அகெய்ன் டியர்’ என்று தாளாளரே ஒரு பூங்கொத்துப் படம் போட்டார். மேடையில் தடுமாறுகிற பிள்ளை மறு திங்கட்கிழமை மறுபடி ஏற வேண்டும் என்பது பள்ளியின் முறையாம். சரியாகச் சொல்லும்வரை வாராவாரம். விட்டுவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளுமாம்.

வீடியோ பள்ளிக் குழுவோடு நிற்கவில்லை. மார்க்கெட்டுக்கும் வந்துவிட்டது.

“அண்ணே, பாப்பா இன்னைக்கும் லீவா?” என்றான் எடை போடுகிற கருப்பணன், தராசில் மூட்டையைச் சாய்த்தபடி.

“அடம்டா. கெட்டி அடம். சைக்கிள் வரைக்கும் ஏறிட்டேன், அசைய மாட்டேங்குது.”

“மைக்கு ஒத்துக்கல போல.” சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “திருச்சூர்ல லாரி ஓட்டுற எம் மச்சினன் போன் பண்ணுறாண்ணே. ‘ஏலே, ஒங்க மொதலாளி மக வீடியோ இங்க வந்திருச்சு’ங்கிறான். நம்ம சரக்குக்கு முந்தி அது கேரளா போயிருச்சு.”

மண்டியே சிரித்தது. சுமை தூக்குகிறவர்கள், கமிஷன்காரர்கள், வெங்காயம் விற்க வந்த விவசாயிகூட, தன் சரக்கு அழுகிக் கிடக்கிற துக்கத்திலும். அன்புமணியும் சிரித்தான். எல்லாரையும்விட உரக்க. அடி வாங்கினதை முகத்தில் காட்டினால் அடுத்த சரக்குக்கும் அடிப்பார்கள் என்று படித்த படிப்பு.

அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சாயி மட்டும் தலை நிமிராமல் சொன்னாள்: “பயந்துருக்குப்பா புள்ள. பேகம்பூர் பள்ளிவாசல்ல ஓதி ஊதச் சொல்லிக் கூட்டியாங்க.”

“அதுவும் ஊதியாச்சு.”

“அப்பறம் என்ன, ஊதுனவருக்கு வாந்தி வராமப் பாத்துக்கங்க,” என்றான் கருப்பணன். இன்னொரு சிரிப்பு.

மகேஸ்வரிக்கு வீட்டில் தனித் தொழில். டவுன் பிரியாணிக் கடைகளுக்கு உரித்த சின்ன வெங்காயம் கொடுப்பாள். அக்கம்பக்கத்து அய்யம்மாளும் இன்னும் ரெண்டு பேரும் வந்து உட்காருவார்கள். பின்கட்டில் சாயங்காலம் முழுக்க கண்ணும் மூக்கும் வழிந்துகொண்டிருக்கும். அந்த வீட்டில் அழுகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முந்தானையை எடுத்து நீட்டுவதோடு சரி.

வாந்தி தொடங்கின நாளிலிருந்து சத்யபிரியாவும் சாயங்காலமானால் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். டிவி வேண்டாம், விளையாட்டு வேண்டாம். “பொறுப்பு வந்துருச்சுடி ஒம் மகளுக்கு,” என்று அய்யம்மாள் மெச்சினாள். மகேஸ்வரிக்கும் உள்ளூர ஒரு பூரிப்புதான். அதை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்குக் கடைக்காரர் அவசரமாகக் கேட்டதால் வெங்காயத்தை மத்தியானமே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். ஊறினதற்கு நெடி இருக்காது. தோல் தானாகக் கழன்று வரும். அய்யம்மாள் கண் துடைக்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே உரித்தாள். மகேஸ்வரியின் கண்ணும் காய்ந்துதான் இருந்தது. யதேச்சையாகத் திரும்பினாள். பிள்ளையின் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏத்தா, கண்ணு எரியுதா?”

“ஆமா.”

“ஊறப்போட்டதுல்ல இது. எனக்கு எரியலையே.”

கத்தி நின்றுவிட்டது.

அய்யம்மாள் விவரமானவள். “அடுப்புல வெஞ்சனம் கெடக்கு, பாத்துட்டு வாரேன்,” என்று எழுந்து போனாள். அவள் வீட்டு அடுப்பில் எதுவும் இல்லை என்பது மகேஸ்வரிக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் இருவரும் உரித்தார்கள். மகேஸ்வரி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் என்று பட்டது.

“வேன்ல நான் ஏறுனா எல்லாரும் பையத் தூக்கி மடியில வச்சுக்குறாங்கம்மா,” என்றது பிள்ளை, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. “கால மேல வச்சுக்குறாங்க. உவ்வேன்னு சத்தம் போடுறாங்க. எனக்குப் பேரே அதுதான். டிரைவரு அண்ணன் ஒரு கேரி பேக் குடுத்து, இதப் பிடிச்சுக்கிட்டே உக்காருங்கிறாரு. வாந்தி வராட்டியும் பிடிச்சுக்கணும்.”

“மிஸ்ஸுகிட்டச் சொன்னியா?”

“மிஸ்ஸு திங்கக்கெழம வந்து ஏறுன்னாங்க. லீவு போட்டா அடுத்த திங்கக்கெழம. அதுக்கும் வரலன்னா அதுக்கடுத்தது. அது போகாதும்மா. நின்னுக்கிட்டே இருக்கும்.”

“அப்பாகிட்ட இதச் சொல்ல வேண்டியதுதானே தாயி?”

“அப்பாவும் சிரிச்சாரு.”

“எப்ப?”

“வீடியோவுக்குக் கீழ. கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிற மூஞ்சி. அப்பா பேரு போட்டிருந்துச்சு.”

மகேஸ்வரியின் கையில் இருந்த வெங்காயம் புழு மாதிரி வழுவழுத்தது. அதைச் சட்டியில் போட்டுவிட்டு விரல்களைப் புடவையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

“என்ன செஞ்சா வாந்தி வராது ஒனக்கு?”

பிள்ளை யோசித்தது. அதனிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

“ஏறச் சொல்லாம இருந்தா.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

இரவு சாப்பாட்டுத் தட்டை அன்புமணி முன்னால் வைத்துவிட்டு மகேஸ்வரி கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

“மண்டி குரூப்புல எல்லாரும் போட்டாய்ங்க. நான் மட்டும் போடாம இருந்தா, மூஞ்சியத் தூக்கிட்டான்னு நாளைக்கு மண்டியில ஏறி மிதிப்பாய்ங்க. ஒரு பொம்ம மூஞ்சி, அதுக்குப் போய்…”

“அவ பாத்துருக்கா.”

சோற்றில் இருந்த கை நின்றது. பிறகு மண்டிக்காரனுக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் சொன்னான்: “நாளைக்கு நானே நேர்ல போயிப் பேசி முடிக்கிறேன்.”

பேசித்தான் முடித்தான். மறுநாள் மத்தியானம் பரோட்டாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவன் முகத்தில், அழுகல் லோடை முழு விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறவனின் களை.

“எங்க பாப்பா? மகேசு, வா இங்க. எட்டு வரி கேட்டாம்ல? ரெண்டே வரி! வீடியோ கெடையாது, போட்டோ மட்டும். மொதல்ல ஆறுன்னான், அஞ்சுன்னான். நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டேன். கூப்ட்டான் பாரு. ஆஸ்டலுக்கு ஒரு மூட்ட வெங்காயம் எறக்குறேன்னு சொன்னதும் ரெண்டுக்கு வந்துட்டான். பாதிக்கும் கீழ!”

சத்யபிரியா கதவோரம் நின்றிருந்தாள்.

“ரெண்டு வரி போன தடவையே சொன்னேன்லப்பா,” என்றாள். “அதுக்கப்பறம்தான் வந்துச்சு.”

மகேஸ்வரி பொட்டலத்தை வாங்கி அழுத்தமாக மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“ஒருத்தன் ஒம் புள்ளைய ரெண்டு அறை அறையப் போறேன்னு சொன்னா, ஒரு அறைக்குப் பேசி முடிச்சிட்டு வந்து வீட்டுல பரோட்டா பிரிப்பீங்க. அதானே?”

“அப்படி இல்ல மகேசு…”

“நானு வாரேன் திங்கக்கெழம. நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க.”

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. மூவரும் ஒரே பைக்கில் போனார்கள். மகேஸ்வரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியிருந்தாள். நடுவில் உட்கார்ந்த பிள்ளை வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தது. எடுக்க ஒன்றுமில்லாததால் எடுக்கவில்லை.

பள்ளி அலுவலகத்தில் பினாயில் வாசம், அதற்கு மேல் ஊதுபத்தி, அதற்கும் மேல் ஹாஸ்டல் சாம்பாரின் புளிச்ச வீச்சம். கண்ணாடி அலமாரி நிறைய கோப்பைகள். அதில் ஒன்றிரண்டில் இன்னும் கடை ஸ்டிக்கர் கிழிக்கப்படவில்லை. தாளாளர் கையில் சானிடைசரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே, பிள்ளை நின்ற இடத்திலிருந்து நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளினார்.

“சொல்லுங்க மேடம். சாரோட எல்லாம் பேசியாச்சே.”

“அவரு பேசுனது அவரோட. புள்ள மேட ஏற மாட்டா.”

“பயத்த நாமதான் ஓட்டணும் மேடம். சரி, ஒங்களுக்காக… ஒரு வரி. குட் மார்னிங் மட்டும்.”

அன்புமணியின் கண் பளிச்சிட்டது. மேசைக்குக் கீழே மனைவியின் முழங்கையை இடித்தான். “வாங்கிக்க. இதுக்குக் கீழ எவனும் எறங்க மாட்டான்.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

“மைக்கும் வேணாம்னு வச்சுக்கங்களேன்,” என்றார் தாளாளர். “மேல ஏறி, நின்னு, சிரிச்சிட்டு எறங்கட்டும். எங்களுக்கும் ஒரு டிசிப்ளின் இருக்குல்ல?”

மகேஸ்வரி பேசாமல் இருந்தாள். எங்கள் தொழிலில் பேசாமல் இருப்பதும் ஒரு விலைதான். தாளாளர் அடுத்துக் குறைக்கத் தயாராக உதட்டை நனைத்துக்கொண்டார். ஆனால் அவள் எதையும் எதிர்பார்த்து அப்படி இருக்கவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏற மாட்டா சார். அவளா ஏறுறேன்னு சொல்லுற அன்னைக்கு ஏறட்டும். சொல்லாமலே படிச்சு முடிச்சாலும் முடிக்கட்டும். அந்த வீடியோவ என் கண்ணு முன்னால எடுங்க. வேன்ல அவ கையில பை குடுக்கக் கூடாது.”

“இல்லேன்னா?”

“டிசி குடுங்க.”

அன்புமணி விக்கித்துப்போனான். பேரத்தில் கடைசியில் வைக்க வேண்டியதை முதலிலேயே வைத்துவிட்டாளே!

தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார். பாதி வருஷத்தில் ஒரு பிள்ளை வெளியே போனால் அதே குழுவில் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். அவர் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

“அட, டிசி வரைக்கும் எதுக்கு மேடம்? மேடையெல்லாம் கட்டாயமே இல்லையே. விருப்பப்பட்ட புள்ளைங்கதான் ஏறுறது. மிஸ் சொல்லலையா ஒங்களுக்கு?”

செல்லை எடுத்தார். குழுவைத் திறந்து கட்டைவிரலால் ரெண்டு தட்டுத் தட்டினார். காட்டினார். இல்லை. திருச்சூர்க்காரன் செல்லில் இருப்பதை யார் எடுப்பது என்பது வேறு. இங்கே இல்லை.

“அவ்வளவுதானே மேடம்? மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

மகேஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கட்டாயமே இல்லை. கொல்லைச் சாக்கடை, பச்சைத் தண்ணீர், பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, இத்தனைக்கும் அடியில் அப்படியொரு விதிமுறைகூட இருந்திருக்கவில்லை. கேட்டதும் கரைந்துபோகிற ஒன்றுக்காக அவள் பிள்ளை கரைந்தது. பினாயிலும் ஊதுபத்தியும் புளித்த சாம்பாரும் தொண்டையில் ஒன்றாக ஏறின. கேட் ஓரம் வரிசையாக இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் முதலாவதைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குமட்டி எடுத்தாள். வெறும் வயிறு, விடாமல் புரட்டியது.

“மூக்கால மூச்சு விடும்மா,” என்றாள் சத்யபிரியா. சின்ன உள்ளங்கை அம்மாவின் முதுகில் மேலும் கீழும் போனது. “வாயால இழுக்காத, இழுத்தா இன்னும் வரும். தண்ணி உடனே குடிக்கக் கூடாது. கொப்புளிச்சுத் துப்பு. ம்… அப்படித்தான்.”

பிரார்த்தனைக்குப் போய்க்கொண்டிருந்த வரிசை ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. பின்னாலிருந்து யாரோ ‘உவ்வே’ என்றார்கள். சிரிப்பு ஒன்று கிளம்பி அடுத்த வரிசைக்குத் தாவியது.

சத்யபிரியா திரும்பினாள். முதுகில் இருந்த கையை எடுக்கவில்லை.

“என்னடா பாக்குறீங்க? எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல! ஒங்கம்மாவுக்கு வாந்தியே வராதா? போங்கடா அங்கிட்டு!”

மைதானத்தின் கடைசிவரை கேட்டது. வரிசை நகர்ந்தது.

“அடேயப்பா!” வராந்தாவிலிருந்து தாளாளர் கை தட்டினார். “வாய்ஸ் பாத்தீங்களா சார்? இத மட்டும் மேடையில…”

அன்புமணி அவரைத் திரும்பிப் பார்த்தான். எந்தச் சரக்கையும் அப்படி ஒரு முகத்தோடு அவன் பார்த்ததில்லை. காரித் துப்பவில்லை. துப்புவதற்கு முந்தின நொடிவரை முகம் போய் நின்றது. தாளாளர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மகேஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “வா தாயி, வீட்டுக்குப் போவோம்.”

பிள்ளை வகுப்பறைப் பக்கம் பார்த்தது. வயிற்றை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டது. பயம் எங்கேயும் போயிருக்கவில்லை. உதடு வெளுத்துத்தான் இருந்தது.

“மத்தியானம் வரைக்கும் இருக்கேன்,” என்றது. “வேன்ல வர மாட்டேன். அப்பா வந்து கூட்டிட்டுப் போகணும். அதுவரைக்கும் அம்மா இங்கிட்டு கேட்டு பக்கத்துலயே நிக்கணும். உள்ள வரக் கூடாது. ஆனா நான் ஜன்னல்ல பாத்தாத் தெரியணும்.”

அன்புமணி வாயைத் திறந்தான். எதிரே டீக்கடை இருக்கிறதே, அதில் உட்கார்ந்தால் ஆகாதா, மத்தியானம் என்பதைச் சாயங்காலம் ஆக்கினால் என்ன என்று பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி,” என்றான்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. குறைக்கவும் இல்லை.